கண்ணாடிச் சில்லு

“இதையெல்லாம் பொறுக்கிட்டு அப்புறம் தூண்டிலைத் தொடு” என்றார் இன்பசேகரன்.

பாறையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த ரமணா சுற்றிலும் பார்த்தான். இரண்டு பீர் பாட்டில், அதில் ஒன்று உடைந்தது. மிக்சர் பாக்கெட்டுகள், சிக்கு விழுந்த நைலான் நரம்பு.

“இது என்னுது இல்ல சார். ஞாயித்துக்கிழமை புத்தூர்லேர்ந்து வந்தவங்க போட்டுக்கினு போனது. நான் இப்பத்தான் வந்து குந்தினேன்.”

“எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. அப்ப பாட்டில் தானா நடந்து வந்துச்சா?”

இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த குரல். அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

மாசி பிறந்தாலே இந்தத் தொல்லைதான். ஆறு வற்றி, தண்ணீர் மடுவில் மட்டும் நிற்கும். மீனும் அங்கேதான் நிற்கும். மீன் பிடிக்கிற கூட்டமும் வந்துவிடும். வந்தவர்கள் மீனை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஆற்றுக்கே விட்டுவிட்டுப் போவார்கள்.

“வூட்ல கொழம்புக்கு நாலு ஜிலேபி மீனு கெடைச்சா போயிடுவேன் சார்” என்றான் ரமணா.

“நானும் இருபது வருஷம் இதே பாறையில குந்தித் தூண்டில் போட்டவன்தான். என் தூண்டில் முள்ளு தனியாத் தெரியும். நரம்பு நழுவக் கூடாதுன்னு ஊதா நூல் சுத்திக் கட்டுவேன். இந்த ஊர்ல வேற எவனும் அப்படிக் கட்ட மாட்டான். கரை பூராத் தேடு. ஊதா நூல் சுத்தின முள்ளு ஒண்ணே ஒண்ணு காட்டிடு, அப்புறம் நான் வாயே தொறக்கல.”

ரமணா நரம்பைச் சுருட்ட ஆரம்பித்தான். அது அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. தூண்டிலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்துப் போட்டார்.

“ஒரு கண்ணாடிச் சில்லு என் பொண்டாட்டியக் கொண்டுக்கினு போச்சு. உனக்கு ஜிலேபி கேக்குதா?”

அவன் சண்டைக்கு வரவில்லை. யாரோ போட்ட பாட்டில்களையும் பாக்கெட்டுகளையும் சாக்கில் அள்ளி, ஒடிந்த தூண்டிலையும் அதிலேயே போட்டுக்கொண்டு மேடேறிப் போய்விட்டான். அவனுக்கும் விஷயம் தெரியும். ஊருக்கே தெரியும்.

போன மாசியில், இவர் சோறு தண்ணி மறந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஈவ்லின் சாப்பிடக் கூப்பிட வந்தாள். கால் அலம்பலாம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கியவள், கொஞ்ச நேரத்தில் நொண்டிக்கொண்டே மேலே வந்தாள்.

“பாட்டில் சில்லுங்க. எடுத்துட்டேன், ஒண்ணுமில்ல” என்று முந்தானை ஓரத்தைக் கிழித்து அவளே கட்டுப் போட்டுக்கொண்டாள்.

சுகர் உடம்பு. பத்தே நாளில் பாதம் கறுத்தது. சித்தூரில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அப்புறம் ஆண்டவர் அவளையே எடுத்துக்கொண்டார்.

போகிற அன்று காலையிலும் இவர் கையைத் தடவிக்கொண்டுதான் கிடந்தாள். “எவனோ ஒடைச்சுப் போட்ட கண்ணாடி. அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?”

அதோடு இன்பசேகரன் தூண்டிலைத் தொடவில்லை. தமிழிலும் தெலுங்கிலும் போர்டு எழுதி ஆற்றங்கரையில் நட்டார். தினமும் காவலுக்குப் போய் நின்றார். அந்தக் கோபம் மட்டும் இல்லாவிட்டால் மனுஷன் என்றோ படுத்திருப்பார்.

அன்று சாயங்காலம் கேசியா வந்தாள். கோவிலில் பெண்கள் ஐக்கியத்தைப் பார்த்துக்கொள்கிறவள்.

“மாமா, புதன்கிழமை லெந்து நோன்பு ஆரம்பிக்குது. பீடத்து ஊதா விரிப்புல சிலுவை ஓரம் பிரிஞ்சுக்கினு வருது. அத்தை தச்சதாச்சே, அதே நூல் மிச்சம் இருந்தா குடுங்க. வேற நூல் போட்டா பளிச்சுனு தெரியும்.”

“இரும்மா, பாக்கறேன்.”

ஒரு வருஷமாக யாரும் தொடாத தையல் மெஷின். டிராயரை இழுத்ததும் அவள் வாசனையே வந்தது போல இருந்தது. கையை விட்டுத் துழாவினார். பாபின், சாக்குக்கட்டி, அளவு டேப். மூலையில் ஒரு தீப்பெட்டி.

பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. உடைந்த ஊசியை ஈவ்லின் ஒருநாளும் குப்பையில் போட மாட்டாள். யார் காலிலாவது ஏறிவிடும் என்று தீப்பெட்டியில் சேர்த்து வைப்பாள். நிறைந்ததும் கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பாள்.

“ஊசிக்கெல்லாம் அடக்க ஆராதனையா?” என்று எத்தனை தடவை கேலி செய்திருக்கிறார்.

தீப்பெட்டியைத் திறந்தார்.

ஏழெட்டு உடைந்த ஊசிகள். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாகப் போட்டது, ஒரு தூண்டில் முள். நுனியில் துரு மாதிரி ஏதோ காய்ந்திருந்தது. அடியில் நெருக்கமாக ஊதா நூல் சுற்றியிருந்தது.

முள்ளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்; அவர் கட்டிய கட்டேதான். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காலிலிருந்து பிடுங்கிய அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது.

“ஊதா நூல் கெடைச்சுதா மாமா?” என்று வாசலிலிருந்து கேட்டாள் கேசியா.