உடையும் இடம்

ஆய்வுக்கூடத்தில் ஆள் நீளக் கான்கிரீட் உத்திரத்தை இயந்திரம் மேலிருந்து அழுத்துகிறது. கண்ணாடிக் கூரை வழியே இறங்கும் வெயிலில் சிமெண்டுத் தூசி மிதக்கிறது. பிழைக்க வந்த நாட்டில் பாடம் சொல்லியே தலை நரைத்த பேராசிரியர், உடையும் இடம் இதுதான் என்று ஓரத்தில் சாக்கட்டியால் கோடு இழுத்திருக்கிறார். கணினி நடுவில் என்கிறது, துறைத் தலைவரும் அதையே சொல்கிறார். கோடு பொய்த்தால் அவருக்கு வரவிருக்கும் ஆற்றுப்பால வேலை வேறு கைக்குப் போய்விடும். சாப்பாட்டுப் பையோடு வந்த அவர் மனைவி காதோரம் முணுமுணுக்கிறாள். “வீடு கட்டுற மாப்பிள்ளைன்னுதான் எங்கப்பா குடுத்தாரு. நீங்க என்னடான்னா காலமெல்லாம் உடைச்சுக்கிட்டே இருக்கீங்க.” “எங்க உடையும்னு தெரியாதவன் கட்டுன பாலத்துல நீ நடப்பியா?” துறைத் தலைவர் சிரிக்கிறார். “இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல சார், கோட்டை அழிச்சிடுங்க.” “அழிக்கறதுக்கா போட்டேன்?”

மணலை மெல்லுவதுபோல் ஒரு நறநறப்பு எழுகிறது. அடுத்த நொடி வெடிச் சத்தம். எல்லோரும் பின்னால் துள்ள, அவர் மட்டும் ஓரடி முன்னே வைக்கிறார். தூசி அடங்குகிறது. விரிசல் சாக்கோட்டின் மேலேயே சரிந்து ஓடியிருக்கிறது. துறைத் தலைவர் குனிந்து அதை விரலால் தடவுகிறார். “கணினியில ஏதோ கோளாறு போல.” “இருக்கும்,” என்று சட்டையைத் தட்டிக்கொள்கிறார் பேராசிரியர். “பாலத்து வேலைய எப்ப ஆரம்பிக்கலாம்?”