திரைக்கு இந்தப்புறம்

மேடைக்குப் பின்னால் நின்ற டிரெய்லரில் ஏறி, ஜன்னல் திரையை இழுத்து மூடியதும் ஹார்லன் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

அவர் டோப்ரோ கிதார் வாசிக்கும் எஃகுத் துண்டு இருந்தது. போட்டி நாளில் அது பையில் கனக்காவிட்டால் அவருக்கு நிலைகொள்ளாது.

விர்ஜினியா மலைப்பக்கத்து இந்தப் போட்டியில் நடுவர்கள் வாசிப்பவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது. எண் மட்டும் சொல்வார்கள். அந்தத் தைரியத்தில்தான், வழக்கமான நடுவர் காய்ச்சலில் படுத்துவிட்டதும் ஹார்லனை உட்காரவைத்தார்கள். டோப்ரோ பிரிவில் அவர் மனைவி வெர்னாவும் வாசிக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும்.

வெர்னா வருஷா வருஷம் இரண்டாம் இடத்தோடு வீடு திரும்புகிறவள். இந்த முறை முதல் பரிசான நீல ரிப்பன் வேண்டும் என்று வாய்விட்டே சொல்லியிருந்தாள். ஹார்லனுக்கோ, புருஷன் போட்ட மார்க் என்று யாரும் பேசிவிடக் கூடாது.

"உன் பெண்டாட்டி வாசிக்கறப்போ மூக்கைச் சொறிஞ்சு காட்டுடா. நான் தாராளமா போடறேன்" என்றார் பக்கத்தில் இருந்த இன்னொரு நடுவர், பேஞ்சோ வாசிக்கும் கிளீட்டஸ்.

காட்டவே வேண்டாம், துண்டின் எடையைக்கூடத் தன் காது சொல்லிவிடும் என்றார் ஹார்லன். பிறகு, கிளீட்டஸ் பலமுறை கேட்டதையே மறுபடி விளக்கினார்.

டோப்ரோ மடியில் மல்லாந்து கிடக்கும். இடது கையின் துண்டு தந்தியை அழுத்தாது. தன் கனத்தால் தொட்டபடி நழுவும். கழுத்திலுள்ள உலோகக் கோடுகள் வெறும் அடையாளம்தான், மயிரிழை தள்ளி நின்றாலும் சுருதி பிசகும். துண்டு கனமானால் ஒலி உருண்டு வரும். லேசானால் மெலிந்துபோகும்.

நான்காம் எண் வாசிக்கத் தொடங்கியது.

ஒவ்வொரு சுரத்துக்கும் கீழிருந்து சோம்பலாக ஏறி வரும் வாசிப்பு. ஹார்லன் சிரித்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் வீட்டுச் சமையலறையில் வெர்னா வாசித்துக் கேட்பதுதானே.

நல்ல வாசிப்புதான். இரண்டு மார்க் குறைத்தார். ஒன்று, துண்டு தந்தியில் உரசிய சத்தத்துக்கு.

இன்னொன்று ஊர் வாய்க்கு.

ஐந்தாம் எண் வாசித்தபோது, ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஆறாம் எண்.

முதல் சுரத்திலேயே ஹார்லன் பென்சிலைக் கீழே வைத்தார்.

சுரங்கள் மேலிருந்து வந்தன. பறவை கம்பியில் வந்து உட்காருவதுபோல, சரியான இடத்தில். துண்டுக்குப் பின்னால் வரும் விரல்கள் தந்திகளைப் பொத்திப் பொத்தி, வேண்டாத முனகல் ஒன்றைக்கூட வெளியே விடவில்லை. ஓரிடத்தில் துண்டைச் சாய்த்து இரண்டு தந்திகளை இரண்டு கோடுகளில் பிடித்தது அந்தக் கை. சாய்த்த துண்டில் சுருதி நிற்பது லேசில்லை.

நின்றது.

டோப்ரோவின் உள்ளே பதித்த மெல்லிய அலுமினியக் கிண்ணம் அத்தனையையும் வாங்கிப் பெரிதாக்கி அனுப்ப, டிரெய்லரின் தகரம் மெல்ல அதிர்ந்தது.

கனமான துண்டு, என்னுடையதைப் போல, என்று கிளீட்டஸின் காதில் சொல்லிவிட்டு முழு மார்க் போட்டார். மனசு நிறைந்திருந்தது. நியாயமாகவும் நடந்தாயிற்று, இப்படி ஒரு வாசிப்பையும் கேட்டாயிற்று.

நீல ரிப்பன் ஆறாம் எண்ணுக்கு என்றது ஒலிபெருக்கி. அடுத்துப் பெயரைச் சொன்னது.

கிளீட்டஸ் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்துக் குலுங்கினார்.

ஹார்லன் சட்டைப்பையிலிருந்து துண்டை எடுத்தார். ஓரம் நசுங்கிய, லேசான துண்டு. வெர்னாவுடையது. காலையிலிருந்து அவர் நெஞ்சின்மேல்தான் கிடந்திருக்கிறது.

தான் வேலைக்குப் போன பகல்களில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் யோசித்தார்.

ரிப்பனைக் குத்திக்கொண்டு வெர்னா டிரெய்லர் வாசலுக்கு வந்தாள். அவருடைய கனமான துண்டை அவர் பையில் போட்டு, ஒரு தட்டுத் தட்டினாள்.

"அந்த நாலாம் நம்பர் பாவம், என்னை மாதிரியே வாசிச்சான். போ, அவனுக்கு ஹாம் வச்ச பிஸ்கட் ரொட்டி ஒண்ணு வாங்கிக் குடு."