மூன்று அறைகளில் மூன்று தூதர்கள்

நாட்டுக்கு இருப்பதே ஒரு துறைமுகம். அதைத் தருவதாக மூன்று வல்லரசுகளிடமும் தனித்தனியாக வாக்குக் கொடுத்திருந்தார் வெளியுறவு அமைச்சர். அன்று காலை மூன்று நாட்டுத் தூதர்களையும் வேறு வேறு அறைகளில் உட்கார வைத்திருந்தார்.

"ஒருத்தன் மூஞ்சியில ஒருத்தன் முழிக்க மாட்டான்மா. அதுதான் நமக்குப் பொழப்பு" என்றார் மொழிபெயர்ப்பாளரிடம்.

ஒவ்வோர் அறையிலும், "துறைமுகம் உங்களுக்குத்தான். மத்த ரெண்டு பேரும் பச்சைத் திருடங்க" என்று அவர் குழைந்ததை வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தவள் அவள்தான்.

"விஷயம் வெளிய தெரிஞ்சா, சார்?"

"அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இருந்தாத்தானே தெரியும்! யாரு இன்னும் இறங்கி வந்து கூடக் குடுக்கறாங்கன்னு பாப்போம்."

பதினோரு மணிக்கு முதல் அறைக் கதவைத் திறந்தார். காலி. இரண்டாவதும் காலி. மூன்றாவது அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஒரே மேஜையைச் சுற்றி மூன்று தூதர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் விரித்திருந்த துறைமுக வரைபடத்தைச் சிவப்பு மையில் மூன்றாகக் கூறு போட்டிருந்தார்கள். மூத்தவர் எழுந்திருக்காமலேயே ஒரு தாளை நீட்டி ஏதோ சொன்னார்.

"என்னம்மா சொல்றான்?" அமைச்சர் அவள் பக்கம் திரும்பினார்.

"மூணு பேரும் பிரிச்சுக்கிட்டாங்களாம், சார். ஒப்பந்தமும் எழுதியாச்சாம். சாட்சிக் கையெழுத்துக்குத்தான் ஒரு ஆள் வேணுமாம்."

இப்போதாவது மனிதர் கொதித்தெழுவார் என்று அவள் ஒரு கணம் நம்பினாள்.

அமைச்சர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பேனா மூடியைக் கழற்றினார்.

"எந்த இடத்துலன்னு கேளும்மா."