காதில் சொன்னது

பிள்ளைகளை மனம்விட்டுப் பேசவைக்கும் கருவி ஒன்று ஜரீனாவின் காதுக்குள் இருந்தது. அது சொல்வதை அப்படியே மகளிடம் சொல்வாள். அதன் தயவில்தான், மாதக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத நஸ்ரின் அன்று சாப்பாட்டின் நடுவே உடைந்து அழுதாள்.

“கிளாஸ்ல யாருமே எங்கூட பேசறதில்லம்மா. டிபன் பாக்ஸத் தூக்கிட்டு மாடிப்படிக்குப் போயிடுவேன்.”

காதில் அடுத்து வந்ததை, பழக்கதோஷத்தில் ஜரீனாவின் வாய் உரக்க ஒப்பித்துவிட்டது.

“இப்போது மகளின் தோளைத் தொடவும்.”

நஸ்ரினின் அழுகை சட்டென்று நின்றது. ஜரீனாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. நிமிர்ந்து பார்க்கத் திராணியில்லாமல் தன் எச்சில் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைக் கிட்டே நகர்த்திப் போட்டாள்.

“பரவால்லம்மா, தொடுங்க” என்று தோளைக் காட்டினாள்.