மூன்றாவது பம்பு

மாலை வெயில் மேசையில் விரித்த வரைபடத்தின்மேல் சாய்ந்து கிடக்கிறது. அணு உலையைக் குளிர்விக்கும் மூன்றாவது பம்பைச் சுற்றித் தலைமைப் பொறியாளர் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறார். வரைந்தவரே அழித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது அலுவலக வழக்கம். “ரெண்டு போதும்மா. இதைச் சோதிக்க உலைய நிறுத்தினா வருஷத்துக்குப் பத்து நாள் உற்பத்தி போச்சு.” வரைந்த பொறியாளர் அவள்தான். ரப்பரை எடுக்காமல் சொல்கிறாள்: “மத்த ரெண்டும் கீழ்த்தளத்துல இருக்கு சார், இது மட்டும்தான் மேல்தளத்துல. வெள்ளம் புகுந்தா ஒண்ணாத்தான் மூழ்கும்.” “அதான் உங்க ஆட்சேபணைய எழுதிக் குடுத்துட்டீங்கல்ல, ஃபைல்ல பத்திரமா இருக்கும்.” பார்த்துப் பார்த்து வரைந்த கோடுகள் ரப்பர் துகளாக உதிர்கின்றன. அவள் ஊதித் தள்ளிவிட்டுக் கையெழுத்திடுகிறாள். “இடம் சும்மா கிடக்க வேணாம், ஃபைல் ரூம்னு போட்டுடுங்க.” போடுகிறாள். எழுத்து முத்துமுத்தாக விழுகிறது.