பாதியில் நின்ற சொல்

“டை…” என்றான்.

அதற்கு மேல் வரவில்லை.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. சொல் அங்கேயேதான் இருந்தது. முழுசாக, தெளிவாக, எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம் போல.

மேஜைக்கு எதிர்ப்பக்கம், நேர்காணல் எடுக்கும் ஜெயசீலன் காத்திருந்தார். சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் நான்காவது மாடி. கண்ணாடி அறை. அவர் கேட்ட கேள்வி எளிது. பஸ் டிக்கெட் செயலியில் ஒரே சீட்டை இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்துகிறார்கள். என்ன செய்வீர்கள்?

முதலில் வந்தவருக்குச் சீட்டைப் பூட்டி வைப்பேன் என்று திக்கித் திக்கிச் சொல்லி முடித்திருந்தான்.

“சரி, பூட்டிட்டீங்க. அந்த ஆளு பாதியில விட்டுட்டு சாப்பிடப் போயிட்டாரு. சீட்டு பூட்டியே கிடக்குமா?”

கிடக்காது. பூட்டுக்கு ஒரு கெடு வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் அது தானாகத் திறந்துகொள்ளும். டைம்அவுட். ஒரே ஒரு சொல்.

“டை… டை…”

சுற்றிப் போகலாம். நேரம் முடிஞ்சா, என்று வேறு வழியில் தொடங்கலாம். வருஷக்கணக்கில் அப்படித்தான் போயிருக்கிறான். சுற்றிப் போகும்போது பதில் சிக்கலாகிவிடும். கேட்பவர்களுக்கு, இவனுக்கே விஷயம் பிடிபடவில்லை என்று தோன்றும்.

ஜெயசீலனின் விரல்கள் மடிக்கணினியின் மேல் நின்றன. நல்ல மனிதர். அவன் படும் பாட்டைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது.

“டோக்கனா?” என்றார். “டோக்கன் குடுக்கலாம்ங்கறீங்களா?”

ஆமாம் என்று தலையசைத்தால் போதும்.

டோக்கன் முழுத் தப்பும் இல்லை. பாதி மதிப்பெண் கிடைக்கும். அவர் முகத்திலிருந்து அந்தச் சங்கடம் போய்விடும்.

இதற்கு முன் நான்கு நிறுவனங்களில் தலையசைத்திருக்கிறான். அவர்கள் எடுத்துக்கொடுத்த சொல்லுக்கெல்லாம் ஆமாம் போட்டிருக்கிறான். எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாதபோது, “ஐடியா இல்லைங்க” என்றிருக்கிறான். அது எப்போதும் தடையில்லாமல் வந்துவிடும்.

தெரிந்த பதில்கள். அத்தனையும் தெரிந்த பதில்கள்.

நான்கு இடத்திலிருந்தும் ஒரே மாதிரி, வருந்துகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது.

மூன்று வருடமாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சர்வர் அறையில் வேலை. ஏசிக் குளிர், நான்கு மெஷின், அவன். யாரோடும் பேச வேண்டியதே இல்லை. அதனால்தான் அந்த வேலையில் சேர்ந்தான்.

அதனால்தான் இன்று காலை பஸ் ஏறி வந்தான்.

வரும் வழியில் ஒன்றை மட்டும் முடிவு செய்திருந்தான். வேலை கிடைக்கட்டும், கிடைக்காமல் போகட்டும். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லப்போவதில்லை.

தலையை அசைத்தான். இல்லை என்று.

ஜெயசீலன் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார்.

“இருங்க சார். நானே சொல்றனுங்க.”

அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஏசியின் சத்தம். கீழே சத்தி ரோட்டில் ஒரு லாரியின் ஹாரன். காபிக் கோப்பையோடு போன ஒருத்தி கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

வழக்கமாக மேஜையைப் பார்ப்பான். இப்போது ஜெயசீலனின் முகத்தைப் பார்த்தான்.

காது சுட்டது. கழுத்து நரம்பு இழுத்தது. பத்து நொடி இருக்கும். இருபதும் இருக்கலாம்.

“டைம்அவுட்.”

சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. ஐந்து நிமிடம் ஏன் போதும், நடுவில் சர்வரே நின்றுபோனால் பூட்டை யார் திறப்பது, சாப்பிடப் போனவர் திரும்பி வந்தால் அவருக்குத் திரையில் என்ன காட்டுவது. எல்லாவற்றையும் சொன்னான். பதினோரு இடத்தில் திக்கினான். ஒவ்வொரு இடத்திலும் நின்று, அந்தச் சொல்லை வெளியே கொண்டுவந்த பிறகுதான் அடுத்ததற்குப் போனான்.

ஜெயசீலன் எங்கேயும் எடுத்துக்கொடுக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

வெளியே உட்காரச் சொன்னார்கள்.

அரை மணி நேரம் கழித்து மனிதவளப் பிரிவிலிருந்து யாஸ்மின் என்ற பெண் வந்தாள். கையில் ஒரு படிவம்.

“இந்த ரவுண்டுல செலக்ட் ஆயிட்டீங்க. இன்னும் ஒரே ஒரு ரவுண்டுதான்.” குரலைத் தணித்துக்கொண்டாள். “அது எப்பவும் போன்லதாங்க. பெங்களூர்ல இருந்து கூப்பிடுவாங்க, நாப்பது நிமிஷம் பேசணும். உங்களுக்கு வேணும்னா எழுத்துத் தேர்வா மாத்திக் குடுக்கலாம்னு ஜெயசீலன் சார் சொன்னாரு. மார்க்ல ஒண்ணும் வித்தியாசம் வராது. எதுன்னு சொல்லுங்க, டிக் பண்ணிடறேன்.”

உதவ வேண்டும் என்றுதான் கேட்டாள். அது அவனுக்குத் தெரிந்தது.

போனில் எதிரே முகம் இருக்காது. பேச்சு நின்றால், லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடுவார்கள். வைத்திருக்கிறார்கள். வங்கியில், கேஸ் ஏஜென்சியில். ஒருமுறை சொந்த அத்தையே.

எழுத்து என்று சொல்வது சுலபம். வாயைத் திறந்தால் போதும், வந்துவிடும்.

போன் என்று சொல்ல, முதலில் இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். ஒட்டினால் எப்போது பிரியும் என்று அவனுக்கே தெரியாது.

யாஸ்மின் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

அவன் அவளை நேராகப் பார்த்தான்.

உதடுகளை ஒட்டினான்.