பிலிமில் விழுந்த விரல்கள்

"இந்த வெளிச்சம் பக்கத்தில நிக்கிற ஆக்களுக்கும் படுமா?"

றாஹிலா மெதுவாகத்தான் கேட்டாள். அதற்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற கலந்தர் அப்படிப் பாய்ந்து விழுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"கேள்வி கேக்கிற இடமில்ல இது. புள்ளைய மேசையில கிடத்திட்டு வெளியில போங்க."

கலந்தரின் சுட்டுவிரலில் பாதி, சிறு வயதிலேயே மரம் அரிகிற மில்லில் போய்விட்டது. அந்த அரை விரலால் கதவைக் காட்டினார்.

றாஹிலாவின் வாப்பா அச்சிமுகம்மதுக்கு முகம் கறுத்துவிட்டது. கல்முனைக்குடிக் கடற்கரையில் சொந்தமாகத் தோணியும் வலையும் வைத்திருக்கிற மனிதர். அவர் கதைத்தால் அலைச் சத்தத்துக்கு மேலால் கேட்கும். மாப்பிள்ளை லீவு முடிந்து சவூதிக்குத் திரும்பியதிலிருந்து அழுது வடிகிற மகள் அவள். அவளை ஊர்ச் சனத்துக்கு முன்னால் ஒருவன் நாயை விரட்டுவதுபோல் விரட்டுவதா?

பேத்தி ஹாஜறாவுக்கு இரண்டு வயது. கட்டிலால் விழுந்து முழங்கை வீங்கிக் கிடந்தது. கை அசையாமல் இருக்க மணல் பை வைத்து எடுத்த முதல் படம், பிள்ளை துள்ளியதில் கலங்கிப் போயிற்று. முறிவு எங்கே என்று தெரியாமல் கட்டினால் கை கோணலாகவே நின்றுவிடும், ஒருவர் இறுக்கிப் பிடிக்க இன்னொரு படம் எடுங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதற்குத்தான் பெற்றவள் உள்ளே வந்தாள்.

தானே பிடிப்பதாக அச்சிமுகம்மது முன்னுக்கு வந்தார். கலந்தர் அவருடைய கைகளைப் பார்த்தார். தேத்தண்ணிக் கோப்பையைக்கூட இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய அளவுக்கு நடுங்குகிற கைகள்.

"நீங்களும் வெளியில நில்லுங்க. படம் எடுக்கக்குள்ள உள்ளுக்கு ஒருத்தரும் நிக்கப்படா."

கதவு சாத்தப்பட்டது.

உள்ளே பிள்ளை வீரிட்டு அழுதது. வெளியே றாஹிலா சுவரோடு சாய்ந்து, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாங்குப் பலகையில் காத்திருந்த சனத்துக்கு நல்ல பொழுதுபோக்கு. அந்தாளுக்குத் தலைக்கனம் என்றார்கள், மிசினைத் தன் வாப்பாவின் சொத்தென்று நினைக்கிறார் என்றார்கள். கேட்கக் கேட்கச் சூடேறிய அச்சிமுகம்மது, இந்த ஆளை இங்கிருந்து மாற்றாமல் விடுவதில்லை என்று சத்தம் போட்டு, பெரிய டொக்டரைக் கூட்டிவர ஆளையும் அனுப்பிவிட்டார்.

கதவு திறந்தது. அட்டெண்டன் குணம் பிள்ளையைத் தூக்கிவந்து தாயிடம் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் கலந்தர், இருட்டறையில் கழுவிய பிலிமை ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

ஏசுவதற்கு வாயெடுத்த அச்சிமுகம்மது அப்படியே நின்றுவிட்டார்.

கறுப்புக்குள் ஒரு சின்னக் கை வெள்ளையாக நின்றது. தோல் இல்லை, சதை இல்லை. மீனின் முள் ஒவ்வொன்றும் அவருக்குப் பாடம்தான். ஆனால் தினமும் தான் முத்தமிடுகிற கைக்குள் இப்படி ஒரு வேலைப்பாடு இருப்பதை அவர் நினைத்தும் பார்த்ததில்லை. கீறாமல், வெட்டாமல், கண்ணுக்குத் தெரியாத ஒன்று அதற்குள் போய் வந்திருக்கிறது.

"சுபுஹானல்லாஹ்" என்றார். அவ்வளவு சின்னக் குரல் அவருக்கு இருப்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

அடுத்த நொடி பதறினார். முழங்கையில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் வெறும் இடைவெளி. எல்லாமே முறிந்துவிட்டதா என்று கேட்டார்.

"இல்ல காக்கா. முறிவு இந்தக் கீறல் மட்டுந்தான். நல்லாத் தெரியிது, டொக்டர் நேராக் கட்டிருவார்" என்றார் கலந்தர், அண்ணனிடம் கதைக்கிற மரியாதையோடு. "மத்தது வளர்ற இடம், இன்னும் எலும்பாகல்ல. வளர்ற இடத்துலதான் இந்தக் கதிர் கூடுதலாக் கேடு செய்யும். உயிர் எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்குப் பயம்."

அச்சிமுகம்மதுவின் கண் பிலிமின் ஓரத்துக்குப் போயிற்று. பிள்ளையின் கையைச் சுற்றி வேறு விரல்கள் தெரிந்தன. நழுவவிடாமல் பிடித்திருக்கிற, பெரிய ஆளின் எலும்பு விரல்கள். அவற்றில் ஒன்று பாதியோடு நின்றது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கலந்தர் அரை விரல் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சுவிச்ச நான்தான் அமத்தினன்" என்றான் குணம். "புடிக்க ஆளில்லாட்டி இவர்தான் புடிப்பார். என்னை விடமாட்டார்."

"அப்ப உங்களுக்குப் படல்லயா?" என்று கலந்தரிடம் கேட்டார் அச்சிமுகம்மது.

"எனக்குப் புள்ளை பெத்துக்கிற வயசெல்லாம் போயித்து காக்கா."

அந்தப் பதிலைக் கேட்டதும் அச்சிமுகம்மது மெல்ல மகளின் பக்கம் திரும்பினார். றாஹிலாவின் ஒரு கையில் பிள்ளை. மற்றக் கை வயிற்றின்மேல் இருந்தது. உள்ளே அந்தக் கேள்வியைக் கேட்டபோதும் அது அங்கேதான் இருந்தது. வாப்பா பார்ப்பதைக் கண்டதும் அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்தாள்.

வாப்பா பக்கத்தில் நிற்கும்போது எந்த மகள் அதை வாய்விட்டுச் சொல்லுவாள்? இத்தனை பேருக்கு முன்னால் ஓர் அந்நிய ஆண் அதைக் கேட்கத்தான் முடியுமா? ஏசி விரட்டிவிட்டால் யாரும் எதையும் சொல்லவேண்டியதில்லை. கெட்ட பெயர் ஒருவரோடு போய்விடும்.

அதற்குள் பெரிய டொக்டர் வந்துவிட்டார். யார் முறைப்பாடு சொல்லக் கூப்பிட்டது என்று கேட்டார். வாங்கில் இருந்த சனம் அச்சிமுகம்மதுவைப் பார்த்தது.

அவர் நடுங்குகிற தன் கைகளால் கலந்தரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முறைப்பாடு ஒண்டுமில்ல சேர். எண்ட பேரப்புள்ளைகள் ரெண்டையும் இந்த மனிசன்தான் பாதுகாத்தார். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டன்."

டொக்டர் றாஹிலாவின் கையில் இருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு, மற்றப் பிள்ளை எங்கே என்று வாங்குப் பக்கமெல்லாம் தேடினார்.